வீட்டு நிலவறையில் சிவப்பு வைன்: மூன்று பெட்டித் திராட்சையிலிருந்து முப்பது போத்தல்

செப்டெம்பர் மாதக் கடைசியில் ரொறன்ரோவின் இத்தாலிய, போர்த்துக்கேயப் பழக் கடைகளின் முற்றங்களில் கலிபோர்னியாவிலிருந்து வந்த திராட்சைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டியும் 36 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 16 கிலோ எடை கொண்டது. அவற்றில் மூன்றை வாங்கினால் 23 லீற்றர் குடுவை ஒன்றை நிரப்பி, இடையிடையே குறைவதை ஈடுசெய்யச் சிறிது எடுத்து வைக்கவும் போதுமான வைன் கிடைக்கும். போத்தல் கணக்கில் அது முப்பது. இந்த வழிகாட்டி அந்த முப்பது போத்தலுக்கானது. யாழ்ப்பாணத்தில் முந்திரிகை (திராட்சை)ப் பந்தலின் கீழ் வளர்ந்த எனக்கு இந்த முறையைக் கற்றுத் தந்தவர் ஸ்காபரோவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த இத்தாலியப் பெரியவர். அவர் கையைப் பார்த்துக் கற்றதையும், ஏன் அப்படிச் செய்கிறோம் என்று பின்னர் தேடிப் படித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். கனடாவில் சொந்தப் பாவனைக்காக வீட்டில் வைன் செய்ய உரிமம் தேவையில்லை, ஆனால் அதை விற்கக் கூடாது. செய்த வைனைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்குவது இங்கும் குற்றம். அது ஆபத்தும் கூட. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பதே குற்றமாகும். ஆகவே இதைப் படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டின் சட்டத்தைப் பார்த்த பின்னரே பழம் வாங்கச் செல்ல வேண்டும்.

பழமும் பாத்திரமும்

சின்ஃபன்டெல் இரண்டு பெட்டி, அலிக்காந்தே பூஷே ஒரு பெட்டி என்பது எங்கள் கணக்கு. சின்ஃபன்டெலைக் கலிபோர்னியாவின் சொந்தத் திராட்சை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அது குரோவாசியாவின் கரையோரத்தில் அழிந்துபோகும் நிலையில் இருந்த ஒரு பழங்கொடியே என்று 2001இல் மரபணுச் சோதனை காட்டியது. இத்தாலியின் பிரிமித்திவோவும் அதே கொடிதான். அலிக்காந்தே பூஷேயின் சிறப்பு வேறு. எந்தக் கறுப்புத் திராட்சையையும் நறுக்கிப் பார்த்தால் உள்ளே சதை வெளிறியே இருக்கும், நிறம் முழுவதும் தோலில்தான் உள்ளது. அதனால்தான் கறுப்புத் திராட்சையை உடனே பிழிந்து தோலை நீக்கிவிட்டால் வெள்ளை வைன் கிடைக்கிறது. சம்பாஞ் (ஷாம்பேன்) என்னும் பொங்கும் வைன் செய்யப் பயன்படும் மூன்று முதன்மைத் திராட்சைகளில் இரண்டு கறுப்பானவை. அலிக்காந்தே பூஷே இதற்கு விலக்கு. 1866இல் பிரான்சில் ஹென்றி பூஷே என்பவர் கலப்பினமாக உருவாக்கிய இத்திராட்சைக்குச் சதையும் சிவப்பு, எனவே கையில் நசுக்கினால் விரல் கறைபடும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில், வீட்டில் வைன் செய்வோருக்காகக் கிழக்கு நகரங்களுக்கு இரயில் இரயிலாகப் போன பழம் இதுதான். தடித்த தோல் நெடும் பயணத்தைத் தாங்கியது, மிகுந்த நிறம் மற்றப் பழங்களின் குறையை மறைத்தது.

வாங்கும் முன் நாலைந்து பழங்களைத் தின்று பாருங்கள். விதையைக் கடித்தால் அது பழுப்பு நிறத்தில் மொறுமொறுப்பாக உடைய வேண்டும். பச்சையாக, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்போடு இருந்தால் பழம் முற்றவில்லை என்று பொருள். பெட்டியின் அடிப்பலகை ஈரமாகவோ புளித்த மணத்துடனோ இருந்தால் அடுத்த பெட்டியைப் பாருங்கள்.

பாத்திரங்களில், உணவுக்கு உகந்த பிளாஸ்டிக்கில் செய்த 60 அல்லது 70 லீற்றர் வாளி ஒன்று, கார்போய் என்று இங்கு அழைக்கப்படும் குறுகிய கழுத்துடைய 23 லீற்றர் கண்ணாடிக் குடுவைகள் இரண்டு, 4 லீற்றர்க் கண்ணாடிச் சாடி ஒன்று, ஒவ்வொன்றின் வாயிலும் பொருத்த நீர் நிரப்பிய சிறு வளைகுழாய் அடைப்பு (கடையில் ஏர்லொக் என்று கேட்க வேண்டும்), இறுத்துவதற்கு ஒரு நீண்ட குழாய், ஒரு வெப்பமானி, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஒரு நீரமானி ஆகியவை வேண்டும். பிழியும் பொறியை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். இரும்பு, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் பழச்சாறு படக் கூடாது; புளிப்பு அவற்றை அரித்து வைனின் சுவையையும் தெளிவையும் கெடுக்கும். எல்லாவற்றிலும் மலிவானதும் எல்லாவற்றிலும் தேவையானதும் நீரமானியே. மற்றதைக் கடன் வாங்கினாலும் அதைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள்.

நசுக்குதல்

பழத்தைக் கழுவ வேண்டாம். கழுவிய நீர் சாற்றை நீர்த்துப்போகச் செய்யும். அழுகியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் நீக்கிவிட்டு, குலையிலிருந்து பழங்களை உதிர்த்து எடுங்கள். காம்புகள் கூடவே கிடந்தால் பச்சைக் கசப்பு இறங்கும். மூன்று பெட்டியை உதிர்க்க நான்கு பேருக்கு ஒரு பிற்பகல் பிடிக்கும், ஆனால் அந்தப் பிற்பகலைச் செலவிட்டுச் செய்த வைனுக்கும் செலவிடாமல் செய்த வைனுக்கும் இடையே வேறுபாடு நாக்கில் தெரியும்.

நசுக்கும்போது ஒவ்வொரு பழமும் வெடிக்க வேண்டும், ஒரு விதை கூட உடையக் கூடாது. எனவே மிக்சியில் இட்டு அரைக்கக் கூடாது. விதையின் எண்ணெய்க் கசப்பு பிறகு எதைச் செய்தாலும் போகாது. காலால் மிதிக்கும் பழக்கம் உலகெங்கும் நிலைத்ததற்குக் காரணமும் இதுதான், உள்ளங்காலின் மென்மை பழத்தை உடைக்கும் ஆனால் விதையை உடைக்காது. போர்த்துக்கலின் டூரோப் பள்ளத்தாக்கில் உயர்தரப் போர்ட் வைனுக்கு இன்றும் கருங்கல் தொட்டிகளில் ஆட்கள் வரிசையாகத் தோள் கோத்து நின்று மிதிக்கிறார்கள். நம் அளவுக்குச் சுத்தமாகக் கழுவிய கைகளே போதும்.

நசுக்கிய கூழில் 4 கிராம் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்றை (சுருக்கமாகச் சல்பைற்று) சிறிது நீரில் கரைத்துக் கலக்குங்கள். அது வெளியிடும் கந்தக வாயு பழத்தோலில் ஒட்டி வந்த பற்றீரியாக்களையும் காட்டு ஈஸ்ட்டுகளையும் அடக்கும். தூளைக் கையாளும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை மற்றவரிடம் விட வேண்டும். வாளியைத் துணியால் மூடி ஒரு நாள் வைத்துவிட்டு, மறுநாள் வைனுக்கான 5 கிராம் ஈஸ்ட் பொட்டலங்கள் இரண்டை 37 முதல் 40 பாகை (செல்சியஸ்) வரை வெப்பமான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கூழில் ஊற்றுங்கள். ஊற்றும் முன் நீரமானியைச் சாற்றில் மிதக்கவிட்டு அளவை எழுதிக்கொள்ளுங்கள். 1.090க்கும் 1.100க்கும் இடையே இருந்தால் பழம் நன்று.

நொதிக்கும் வாரம்

பள்ளியில் மதுவம் என்று படித்த நுண்ணுயிரான ஈஸ்ட்டின் வேலை மறுநாளே காதில் கேட்கத் தொடங்கும். வாளியருகே நின்றால், சோறு கொதிக்கும் பானையைத் தொலைவிலிருந்து கேட்பது போன்ற மெல்லிய இரைச்சல் கேட்கும். தோல்கள் எல்லாம் மேலெழுந்து ஒரு சாண் தடிப்புக்கு இறுகி நிற்கும். அதன் மேல் கையை வைத்தால் கதகதப்பு தெரியும். இந்தத் தோல் அடுக்கை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை சுத்தமான மரக் கட்டையால் அமிழ்த்திச் சாற்றுக்குள் மூழ்கடிக்க வேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருப்பதால் அது நனைந்தபடி இருந்தால்தான் வைனில் இறங்கும் என்பது ஒரு காரணம். மேலே காய்ந்து கிடக்கும் தோலில் வைனை வினிகராக்கும் காடிப் பற்றீரியா குடியேறும் என்பது அதைவிடப் பெரிய காரணம். நடு இரவில் ஒருமுறை எழுந்து அமிழ்த்துவது எங்கள் வீட்டு வழக்கம்.

வெப்பம் 22 முதல் 28 பாகைக்குள் இருக்கட்டும். 35 பாகையைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து, பாதிச் சர்க்கரையை அப்படியே விட்டுவிட்டு நின்றுபோகும். அதை மீண்டும் எழுப்புவது மிகக் கடினம். ஜோர்ஜியா நாட்டில் குவெவ்ரி என்னும் பெரிய மண் தாழிகளை உட்புறம் தேன்மெழுகு பூசிக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து வைன் செய்கிறார்கள். மண்ணின் நிலையான குளிர்ச்சி நொதித்தலின் சூட்டை அடக்குகிறது. இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுச் செல்வமாக அறிவித்தது. அந்த நாட்டிலேதான், ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையான பானை ஓடுகளில் திராட்சை வைனின் எச்சம் இருந்ததை 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் வீட்டு நிலவறையும் நிலத்துக்குள் இருப்பதால் அதே உதவியைச் சிறிய அளவில் செய்கிறது.

ஆனால் நிலவறைக்கு ஒரு கேடும் உண்டு, இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். ஒரு லீற்றர்ச் சாறு முழுதாக நொதிக்கும்போது 50 லீற்றருக்கும் மேற்பட்ட கரியமிலவாயு வெளியேறும். நம் வாளியிலிருந்து ஒரு வாரத்தில் 1,500 லீற்றருக்கு மேல் வரும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, எனவே தாழ்ந்த இடத்தில் தேங்கும். மணமும் நிறமும் இல்லாததால் அதன் இருப்பை மூக்கு உரிய நேரத்தில் சொல்லாது. பெரிய வைன் ஆலைகளில் தொட்டிக்குள் இறங்கித் தொழிலாளர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். நிலவறைச் சன்னலைத் திறந்து வையுங்கள், கட்டையால் அமிழ்த்தும்போது வாளிக்குள் தலையைக் குனிக்காதீர்கள், அந்த அறையில் குழந்தைகளையோ வளர்ப்புப் பிராணிகளையோ உறங்க விடாதீர்கள்.

நாள்தோறும் நீரமானியைப் பாருங்கள். 1.095இல் தொடங்கியது ஐந்தாறு நாளில் 1.010க்கு இறங்கியிருக்கும். சர்க்கரை நீங்கி மது சேரச் சேரச் சாறு அடர்த்தி குறைவதால் மானி ஆழ அமிழ்கிறது. இறுதியில் 0.995இல் நின்றால், தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131ஆல் பெருக்குங்கள்: 0.100 பெருக்கல் 131, அதாவது மது ஏறத்தாழ 13 விழுக்காடு. பழத்தில் இருந்த சர்க்கரையின் கதை முழுவதையும் ஒரு கண்ணாடிக் குழாய் சொல்லிவிடுகிறது.

பிழிந்து, இறுத்து, தேற்றுதல்

மானி 1.010க்கும் 1.000க்கும் இடையே வந்ததும் பிழிய வேண்டும். முதலில் தானாக வடிவதை எடுத்துக் குடுவையில் ஊற்றுங்கள், அதுவே மிக மென்மையான பகுதி. பிறகு சக்கையைப் பொறியில் இட்டு மெதுவாக, இடைவெளி விட்டுத் திருகுங்கள். கடைசிச் சொட்டுக்காக முறுக்கினால் கசப்பும் சேர்ந்து வரும். குடுவையின் வாயில் நீர் அடைப்பைப் பொருத்தினால் உள்ளிருந்து வாயு குமிழியாக வெளியேறும், வெளிக் காற்று உள்ளே போகாது.

இந்த இடத்தில் வேலையின் இயல்பே மாறுகிறது. வாளியில் இருந்தபோது ஈஸ்ட்டுக்குச் சிறிது காற்று வேண்டியிருந்தது, மேலெழுந்த வாயுவே சாற்றைப் போர்வைபோல மூடிக் காத்தது. குடுவைக்கு வந்தபின் காற்றே முதற்பகை. குமிழிகள் அடங்கியதும் குடுவையைக் கழுத்துவரை நிரப்பிவிட வேண்டும். முதலாண்டில் நான் 23 லீற்றர்க் குடுவையில் 17 லீற்றரை ஊற்றி, அடைப்பு இருக்கிறதே என்ற நம்பிக்கையில் பனிக்காலம் முழுவதும் விட்டிருந்தேன். ஏப்பிரலில் திறந்தபோது நகப்பூச்சின் மணமும் அதன் பின்னே காடியின் புளிப்பும் வந்தன. மேலே தேங்கிய அந்த ஆறு லீற்றர் காற்றே காடிப் பற்றீரியாவுக்குப் போதுமானதாக இருந்தது. அன்று முதல் 4 லீற்றர்ச் சாடியில் மிச்சத்தைத் தனியே வைத்து, குறையும்போதெல்லாம் அதிலிருந்து ஊற்றுகிறேன். ஊற்ற வைன் இல்லாவிட்டால், கொதிநீரில் கழுவிய கண்ணாடிக் குண்டுகளைப் போட்டு மட்டத்தை உயர்த்தலாம்.

ஒரு வாரத்தில் அடியில் தடித்த மண்டி படியும். மண்டி கலங்காமல் மேலுள்ளதைக் குழாய் வழியே மற்றக் குடுவைக்கு இறுத்துங்கள். அடுத்த இறுத்தல் ஒரு மாதத்தில், அதற்கடுத்தது மூன்று மாதத்தில். இந்த இரண்டிலும் 23 லீற்றருக்கு 1.5 கிராம் சல்பைற்றுச் சேர்க்க வேண்டும். குழாயின் முனை புதிய குடுவையின் அடியைத் தொட்டபடி இருந்தால் வைன் சலசலத்துக் காற்றை வாங்காது. பழந்தமிழில் வைனுக்கும் மற்ற மதுவுக்கும் தேறல் என்ற பெயர் உண்டு. யவனர் கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது. அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்கள் அந்த வணிகத்துக்குச் சான்று. தேறல் என்றால் தேறியது, அதாவது கலங்கல் அடங்கித் தெளிந்தது. கலங்கிய கிணற்று நீரைத் தேற்றாங்கொட்டையால் தேற்றிய நம் முன்னோர் இந்தப் பானத்துக்கு அதன் போதையைக் கொண்டு பெயரிடாமல் தெளிவைக் கொண்டு பெயரிட்டார்கள் என்பதை, இறுத்தும் ஒவ்வொரு முறையும் நான் நினைத்துக்கொள்வேன்.

கனடாவின் குளிர் இந்தத் தேற்றலில் நமக்குத் துணை. டிசெம்பரில் குடுவையை இரண்டு மூன்று வாரம் சுழியப் பாகைக்கு அண்மையில் இருக்கும் கராஜில் வையுங்கள். உறைந்தால் கண்ணாடி வெடித்துவிடும், எனவே சுழியத்துக்குக் கீழ் ஐந்து பாகையை நெருங்கும் இரவுகளில் உள்ளே எடுத்துவிட வேண்டும். குளிரில் குடுவையின் சுவரெங்கும் சிறு பளிங்குகள் படியும். அவை திராட்சையின் புளிப்பிலிருந்து பிரிந்த உப்பு, தூய்மையாக்கினால் கேக் செய்வோர் கடையில் வாங்கும் கிறீம் ஒஃப் டாட்டரே அது. தீங்கற்றது. போத்தலில் அது படிவதைக் கண்டு கண்ணாடித் துகள் என்று சிலர் அஞ்சுவதால்தான் முன்கூட்டியே குளிரவைத்து நீக்குகிறோம். இதே புளிப்பின் உப்புப் பளிங்குகளை 1848இல் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்த இளம் லூயி பாஸ்டர், அவை இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரு வகையாக இருப்பதைக் கண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். மூலக்கூறுகளுக்கும் இடம் வலம் உண்டு என்ற அறிவு வைன் பீப்பாயின் அடியிலிருந்து வந்தது. பாலைப் பாதுகாக்க நாம் இன்று பயன்படுத்தும் பாஸ்டர் முறையும் முதலில் வைன் கெடாமல் இருக்கவே 1860களில் உருவானது.

போத்தலில் அடைத்தல்

ஆறு முதல் ஒன்பது மாதத்தில், குடுவைக்குப் பின்னே விளக்கைப் பிடித்தால் ஒளி மாணிக்கச் சிவப்பாகக் கடந்து வரும் அளவுக்கு வைன் தெளிந்திருக்கும். மூன்று வாரம் தொடர்ந்து நீரமானி ஒரே அளவைக் காட்டினால் மட்டும் போத்தலில் அடையுங்கள். மீதமிருக்கும் சர்க்கரை போத்தலுக்குள் மீண்டும் நொதித்தால், லீற்றருக்கு 4 கிராம் சர்க்கரையே ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டும். சம்பாஞ் செய்வோர் 24 கிராம் வரை சேர்த்து ஆறு வளிமண்டல அழுத்தத்தைத் தெரிந்தே உண்டாக்குகிறார்கள், அதற்கென்றே தடித்த போத்தலும் கம்பி கட்டிய அடைப்பும் வைத்திருக்கிறார்கள். வைனில் சர்க்கரையிட்டுப் பொங்கச் செய்யும் இந்த வழக்கத்தைக் கிறிஸ்தோபர் மெறெற் என்ற ஆங்கிலேயர் 1662இலேயே இலண்டன் ரோயல் சொசைட்டியில் பதிந்துவிட்டார். சம்பாஞ்சைக் கண்டுபிடித்தவர் என்று கதைகள் சொல்லும் டொம் பெரின்யோன் துறவி தம் மடத்துக்கு வந்ததே 1668இல். நிலக்கரி உலையில் செய்த வலிய கண்ணாடி அப்போது இங்கிலாந்தில் கிடைத்தது. நம் சாதாரணப் போத்தல் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

போத்தல் கரும்பச்சையாக இருக்கட்டும், ஒளி வைனைக் கெடுக்கும். வெந்நீரில் கழுவி, சல்பைற்றுக் கரைசலால் அலசி, கவிழ்த்து வடியவிடுங்கள். அடைப்பானுக்கும் வைனுக்கும் இடையே ஒரு விரலகலம் மட்டுமே காற்று இருக்க வேண்டும். தக்கையை அழுத்தும் கைப்பொறி வாடகைக்குக் கிடைக்கும். அந்தத் தக்கை ஓர் ஓக் மரத்தின் பட்டை. மரம் ஏறத்தாழ 25 வயதை எட்டிய பின்னரே முதற் பட்டையை உரிப்பார்கள், பின்னர் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை. போத்தலுக்குத் தகுதியான தரம் மூன்றாம் உரிப்பில்தான் கிடைப்பதால், கையில் இருக்கும் தக்கைக்குப் பின்னே நாற்பது ஆண்டு கடந்த ஒரு மரம் நிற்கிறது. அடைத்த பின் ஐந்து நாள் நிமிர்த்தி வைத்துத் தக்கை விரிய விடுங்கள், பின்னர் கிடையாகப் படுக்க வையுங்கள். வைன் தொட்டபடி இருந்தால் தக்கை காயாது, காயாத தக்கை காற்றை விடாது.

ஒவ்வொரு போத்தலிலும் பழத்தின் பெயர், பிழிந்த திகதி, மது விழுக்காடு, சல்பைற்றுச் சேர்த்த குறிப்பு ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். போத்தலில் அடைத்த அடுத்த சில வாரங்கள் வைன் சுவை மங்கியிருக்கும், அதைக் கெட்டுவிட்டது என்று எண்ணி ஊற்றிவிட வேண்டாம். மூன்று மாதம் கழித்து, 16 முதல் 18 பாகை வரை குளிர்ந்த நிலையில் முதற் போத்தலைத் திறந்து பாருங்கள். குடித்து மீந்ததைச் சிறிய போத்தலில் வாய்வரை ஊற்றிக் குளிரூட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். எங்கள் வீட்டில் முதற் போத்தல் திறப்பது அடுத்த ஆண்டுப் பழப் பெட்டிகள் வந்து இறங்கும் நாளில்தான். கறைபட்ட விரல்களோடு உதிர்த்துக்கொண்டிருக்கும் நால்வருக்கும் அதிலிருந்து ஆளுக்கு அரைக் குவளை.